எண்பதில் தொடங்குவது

அறுபதில் ஒன்றுமில்லை.
எழுபத்தைந்தில் கண்ணாடியில் தொங்கும் முருகன்
லேசாகத் தலையாட்டுவார்.
எண்பதில் ஸ்டேரிங் என் கையைப் பிடித்துக்கொண்டு
மலேரியா கண்டவன்போல் நடுங்கும்.
நூறைத் தாண்டினால் அடங்கிவிடும்.
செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு
நூறைத் தாண்டுகிறவள் எவள்?

இருநூற்று அறுபத்தைந்தை இறக்கி
இருநூற்று எண்பத்தைந்தை ஏற்றியது நான்தான்.
நவம்பர் மழையில் பதினேழாம் நிரையில்
இரண்டு முறை வயிறு தட்டி மாட்டிக்கொண்ட கோபம்.
ரிம்மோடு சேர்த்து மூவாயிரத்து அறுநூறு வெள்ளி.
"இருந்ததற்கு என்ன குறை?" என்று
குணாளன் ஒரே ஒரு தடவைதான் கேட்டான்.
அந்த ஒரு தடவை
இன்னும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது,
பெல்ட் போட்டுக்கொண்டு.

மீட்டர்கூட இப்போது பொய்.
அது எண்பது என்னும்போது ஓட்டம் எண்பத்தைந்துக்கு மேல்.
போலீஸ் மடக்கினால் டயரைக் காட்டிப் பேச முடியுமா?

பகாவில் மூன்று பட்டறை ஏறி இறங்கினேன்.
ரிம் விற்ற ஆ ஹோக் பேலன்ஸ் செய்தான்,
உள்பக்கம் ஈயத்துண்டுகளைப்
பல் கட்டுவதுபோல் வரிசையாக ஒட்டினான்.
கையில் இருந்த நடுக்கம் முதுகுக்குப் போயிற்று.
இரண்டாமவன் ரிம்முக்குள் காய்ந்துகிடந்த செம்மண்ணைச்
சுரண்டி எடுத்தான், ஒரு கிண்ணம் இருக்கும்.
இதுதான் என்றான்.
இதுவும்தான். ஆனால் இதுமட்டுமல்ல.
மூன்றாமவன் ஷாஃப்ட் என்றான், ஜாயின்ட் என்றான்,
கடைசியில் "ஜாலான் புரூக்" என்று
சாலையைத் திட்டி அனுப்பினான்.

எனக்குப் பக்கத்தில் ரஃபிக்குல், குலை ஏற்றுகிறவன்.
"அக்கா, இன்னிக்கு சீட்டு" என்பான்.
"அக்கா, இன்னிக்குக் கால்கிட்ட" என்பான்.
எடைச்சீட்டு ஒட்டும் நோட்டில்
பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தேன்.
செவ்வாய்: முன்னைப் பின்னாக மாற்றியது. சீட்டில்.
வெள்ளி: கழற்றிக் கழுவி அதே இடத்தில் மாட்டியது.
நடுக்கம் இல்லவே இல்லை.
திங்கள்: மறுபடி கழற்றி, அதே இடம், அதே நட்டு.
பல் கிட்டியது.

ராத்திரி குலைக்கணக்குப் பார்க்க உட்கார்ந்தவள்
நடுக்கக் கணக்கைப் பார்த்தேன்.
டயர் கெட்டிருந்தால் டயரோடு போகும்.
அச்சு கெட்டிருந்தால் அச்சோடு நிற்கும்.
இதுவோ
மாட்டுகிறவன் கையைப் பொறுத்து மாறுகிறது.

ஆ ஹோக்கிடம் நோட்டை நீட்டினேன்.
தமிழ் தெரியாதவன், தேதிகளைப் படித்தான்.
மலாயில் சொன்னேன்.
பதில் பேசாமல் போய்க் காலிப்பர் எடுத்துவந்தான்.
ஹப் நூற்றாறு மில்லி.
ரிம்மின் நடுத்துளை நூற்றுப்பத்து.
"லுபாங் பெசார்" என்றான்,
தானே விற்றதைத் தானே பார்த்து.

பக்கத்துக்கு இரண்டு மில்லி, அரை மிளகு.
நடுவில் உட்காராத சக்கரத்தை
இத்தனை நாளும் ஆறு நட்டுகள் மட்டும் பிடித்திருக்கின்றன,
எந்தப் பக்கம் முதலில் முறுக்கினானோ
அந்தப் பக்கமாக இழுத்து.

வளையம் ஒன்று பதினைந்து வெள்ளி, நான்கு வளையம்.
வண்டியைத் தூக்கி, சக்கரம் தரையைத் தொடாமல்,
எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக
முறுக்கச் சொல்லி நின்று பார்த்தேன்.
காசு வேண்டாம் என்றான்.
அறுபதையும் மேசையில் வைத்தேன்.
கடன் இல்லாவிட்டால்தான் பிறகு ஏச முடியும்.

கெராத்தோங் போகும் நேர்சாலை.
எழுபத்தைந்து.
எண்பது.
முருகன் சும்மா இருந்தார்.
ரஃபிக்குல் சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்
காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்த்தான்.
"இல்லை, அக்கா."

வீட்டில் குணாளன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
சோற்றைப் பிசையும்போதுதான் கவனித்தேன்,
என் கை மட்டும் இன்னும்
எண்பதில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் எடைமேடையில் திரும்பும்போது
இடப்பக்கம் முழுதாக ஒடித்தால்
டயர் மட்கார்டை உரசியது.
எழுதிவைத்தேன்.