ஐந்து வாட்

சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து
ரேடியோவைக் கிடத்தினான் ரெஜிஸ்.
உப்புப் பூத்த கைப்பெட்டி,
தலையில் ஒரு சாண் ரப்பர் ஆன்டெனா.
பேட்டரி முழுசாக இருக்கிறது என்றான்.
பார்த்தேன், இருக்கிறது.
வியாழக்கிழமையிலிருந்து
இதைப் பற்றித்தான் பேசுகிறோம்.
இதைப் பற்றி மட்டும்.

ஸ்குவெல்ச்சைத் திறந்தால்
காய்ந்த எண்ணெயில் அப்பளம் விழுந்த இரைச்சல்.
காது சரி.
பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு.
வாயும் சரிதானே என்கிறான்.
இல்லை.
பேச நினைத்தாலே அந்த விளக்கு எரியும்,
பேச்சு வெளியே போயிற்றா என்று அதற்குத் தெரியாது.

ரொம்ப அமுக்காதே, ஒரு வாட்டுக்கு இறக்கு.
கெட்ட ஆன்டெனா என்றால்
போகாத சக்தி திரும்பி வந்து உள்ளே சுடும்.
சேன்-பியேர் துறைமுக அலுவலகத்தில்
பன்னிரண்டு வருடமாக
ஊராருக்கு இதைச் சொல்கிறவள் நான்.

எவரிஸ்த் படவட்டானிடம் இதே மாடல்.
அவன் ஆன்டெனாவை இரவல் வாங்கித் திருகினோம்.
மாடிப்படியில் நின்று ரெஜிஸ் எண்ணினான்:
அன், தே, த்வா.
தெளிவு என்றாள் அலுவலகத்திலிருந்து மிரேய்.
எங்களுடையதை மாட்டியபோது
கரகரவென்று பாதி "தே",
பிறகு ஒன்றுமில்லை.
ஆக, பெட்டிமேல் குற்றமில்லை.

வியாழன் மாலை ஏழு மைல் வெளியே
எஞ்சின் நின்று காற்றோடு போய்க்கொண்டிருந்தான்.
என் மேசையில் இருபத்தைந்து வாட்,
கூரைக்கு மேல் உயரக் கம்பம்.
அவன் கையில் ஐந்து, அதுவும் இந்த ஒரு சாணில்.
நான் அவனுக்குக் கேட்டேன்.
அவன் எனக்குக் கேட்கவில்லை.
தி-ஸெத்வால், தி-ஸெத்வால், பதில் சொல், ஓவர்.
பதினொரு தடவை.
பன்னிரண்டாவது தடவை
படகின் பெயரைச் சொல்லவில்லை,
ஓவர் சொல்லவில்லை,
பொத்தானிலிருந்து விரலையும் எடுக்கவில்லை,
வெகுநேரம்.

சேனல் ஒன்பதில் இருந்த அத்தனை படகுக்கும் கேட்டிருக்கும்.
மறுநாள் தெர்-சேந்த் கரையில்
மீன் நிறுத்தவர்கள் எல்லோரும்
அக்கறையாக வானிலை பேசினார்கள்.

(இரவு பத்தரைக்கு எவரிஸ்த்தான்
டார்ச் மின்னுவதைக் கண்டு
கயிறு கட்டி இழுத்துவந்தான்.
கரையேறியதும் ரெஜிஸ் சொன்ன முதல் வார்த்தை:
"ஆன்டெனா.")

பூதக்கண்ணாடியில் பார்க்கிறேன்.
அடி வளையம் வெடித்திருக்கிறது.
மரையில் பச்சைக் களிம்பு.
நடு ஊசி, இதோ, அரை மில்லிமீட்டர் உள்ளே இறங்கிவிட்டது.
வெளியே நன்றாகத்தான் இறுகியிருக்கிறது,
உள்ளே தொடவில்லை.
இதை ஜாடையாக எடுத்துக்கொள்ளாதே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவன் அப்படி எடுத்துக்கொள்கிறவன் இல்லை.
குறடு எங்கே வைத்தாய் என்று கேட்டான்.

பல் தேய்க்கும் பிரஷ், மருந்துக்கடை ஆல்கஹால்.
ஊசிமூக்குக் குறடால் மயிரிழை மயிரிழையாக
வெளியே இழுத்தேன்.
அவன் மூச்சை அடக்கிக்கொண்டு விளக்கைப் பிடித்தான்.
இது நிற்காது, புதுசு வாங்கு என்றேன்.
முப்பத்தெட்டு யூரோ, கப்பலில் வர மூன்று வாரம் என்றான்.
அந்த மூன்று வாரமும் கடலுக்குப் போகாதே
என்று சொல்லவில்லை.
எவரிஸ்திடம் உபரி இருக்கிறதா கேள் என்றேன்.

இன்று மாலை எனக்கு முறை.
அலைத்தடுப்புக் கல்லின் கடைசியில் அவன்,
ஜன்னலில் கட்டைவிரல் அளவு.
அன், தே, த்வா, கத்ர், சேங்க்.
தெளிவு, தி-ஸெத்வால். ஓவர்.

மறுபடி அவன் அமுக்கினான்.
எண்ணவில்லை.
காற்று, கல்லில் அடிக்கும் தண்ணீர்,
ஜாக்கெட் உரசும் சத்தம்.
என் பெட்டியில் பச்சை விளக்கு அணையவே இல்லை.

அவன் விரல் அங்கே இருக்கும்வரை
இங்கே நான் பேசுவது அவனுக்குக் கேட்காது.
ஆகவே மைக்கைத் தொடாமல்
அந்தப் பன்னிரண்டாவதை
இன்னொரு தடவை சொன்னேன்.