பதினோராவது பெட்டி

காற்று கப்பலை நிறுத்திவிட்டது.
நான் தோர்ஷவனில், ஆறிப்போன காபியுடன்.
பெட்டிகள் சுதுரோய் தீவில்.
முந்தாநாள் கடைசிக் கப்பலில்
மீன்தீவன மூட்டைகளோடு போய் இறங்கியவை.

ஹானுஸ் பிரித்து வைத்திருக்கிறான். பதினொன்று.
சால்மன் கூண்டுகளுக்குத் தீனி போடுகிறவன்,
விரலெல்லாம் மீனெண்ணெய்.
"கடவுச்சொல் சொல்லு, ரன்வா."
எனக்கும் தெரியாது. அப்படி ஒன்று கிடையாது.
வயரைச் செருகு. மின்சாரம் கொடு.
கையை எடு.
உன் வேலை அவ்வளவுதான்.

வந்தவனை யார் என்று வாசல் கேட்பது
எங்கும் உள்ள வழக்கம்.
இந்தப் பெட்டிகள் படியில் நின்று
வாசலையும் கேட்கும்:
நீ யார்?
நான் உனக்கு உரியவன் என்று
என்னைச் செய்தவர் கையொப்பமிட்ட சீட்டு எங்கே?

சீட்டுகள் என்னிடம் இருந்தன.
இங்கே கடலடிக் கேபிளை நம்ப முடியாது;
போன மாதமே கேட்டு வாங்கிச் சேமித்து வைத்திருந்தேன்,
புயலுக்கு முன் ரொட்டி வாங்குவதுபோல.

பத்து விளக்குகள் பச்சைக்கு வந்தன,
ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.
பதினோராவது மஞ்சளிலேயே நின்றது.

அணைத்துப் போட்டான்.
மஞ்சள்.
தட்டிப் பார்த்தான். எனக்குக் கேட்டது.
"போலிப் பெட்டியா?"
நானும் அதைத்தான் நினைத்தேன்.
எண்ணைச் சரிபார்த்தேன், பிறப்புச் சான்றைச் சரிபார்த்தேன்.
எல்லாம் சரி.
நாங்கள் அதை மறுக்கவில்லை.
அது எங்களை மறுத்துக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம் சோதனையை நிறுத்தேன்,
உள்ளே வந்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளலாம்."
அதற்கும் ஒரு வரி உண்டு.
என் விரல் அதன்மேல் இருந்தது,
அதை மறைக்கப் போவதில்லை.

பிறகு பதிவைத் திறந்தேன்.
தேதி: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது,
ஜனவரி ஒன்று,
நள்ளிரவு கடந்து நாற்பது விநாடி.
பொத்தான் பேட்டரி செத்திருக்கிறது.
கடிகாரம் இல்லாதவனிடம்
போன மாதத்துச் சீட்டை நீட்டியிருக்கிறேன்.
இது செல்லுமா, காலாவதியா
என்று அது எதை வைத்துச் சொல்லும்?
தெரியாததற்குத் தலையாட்டவில்லை.
நம்மில் எத்தனை பேர் அப்படி?

மென்பொருள் யாருடையதும் அல்ல, எல்லோருடையதும்;
அதனால் உள்ளே போய்ப் படிக்க முடிந்தது.
முந்நூற்றுச் சொச்சமாவது வரிக்கு மேலே
யாரோ எழுதிவைத்த குறிப்பு,
பெயருக்குப் பதில் ஒரு நீர்க்காகத்தின் படம்:
"நேரம் தெரியாத கருவிகள் வரும்.
அவற்றிடம் தேதி பேசாதே.
அது ஒரு எண் சொல்லும், யாரும் ஊகிக்க முடியாத எண்.
அந்த எண்ணோடு புதிய சீட்டு வாங்கி வா.
தான் சொன்னது திரும்பி வந்தால்
இது இப்போது எழுதியது என்று அதற்குப் புரியும்."

அந்த வசதியை அணைத்து வைத்திருந்தது நான்தான்.
சேமித்த ரொட்டியே போதும் என்று.

திறந்தேன்.
பெட்டி எண்ணைச் சொன்னது.
எண் என் சர்வர் வழியாகக் கடலுக்கு அடியில் போனது,
செய்தவரின் வாசலுக்கு.
கேபிள் அறுந்துவிடக் கூடாதே என்று
நான் யாரையோ வேண்டிக்கொண்டேன்,
யாரையென்று இப்போது நினைவில்லை.

ஏழு விநாடி.

"ஏ!" என்றான் ஹானுஸ்,
மீன் துள்ளிவிட்டதைப்போல.
பச்சை.
"என்ன எண் சொன்னுச்சு?"
தெரியாது. ஒரு முறைக்குத்தான் அது.
"லாட்டரிக்கு ஆகியிருக்கும்," என்று
தீவனம் அள்ளப் போய்விட்டான்.

நீர்க்காகத்தின் குறிப்புக்குக் கீழே
நானும் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்:
காற்று அதிகமுள்ள தீவுகளில் இதை அணைக்காதீர்கள்.
ஏற்பார்களோ என்னவோ.

பதினோராவது பெட்டி வேலையைத் தொடங்கியது.
நான்காம் கூண்டு, தண்ணீர் ஏழு டிகிரி,
தேதி சரியாக இன்றையது.
அதற்கு மேலே
எழுபதாம் ஆண்டின் இரண்டு வரிகள் இருக்கின்றன:
'அறிமுகமில்லாதவர் அழைக்கிறார்.
காத்திருக்கிறேன்.'

அவற்றை நான் அழிக்கவில்லை.