உழக்கு

கொள்ளிடம் கரையை உடைத்த மூன்றாம் இரவு
படுகைக் கோவிலுக்குள் அறுபது பேர்.
நிவாரண அரிசி ஆளுக்கு உழக்கு.
“அன்றன்றைக்குள்ளதை அன்றன்றே பொங்குங்கள்”
என்றார் உபதேசியார் தவமணி.
வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மிச்சம் பிடித்த மன்னா
விடிவதற்குள் புழுத்து நாறியதைச் சொன்னார்.

ஞானதீபம் தலையாட்டிக்கொண்டே
பாதி உழக்கை
ஞானஸ்நானத் தொட்டிக்குள் கொட்டி மூடினாள்,
நாலு நாள்.
போன வெள்ளத்தில் அவளுக்கு
மறுநாள் வந்தது; படகு வரவில்லை.

ஏழாம் நாள்.
வானத்திலிருந்து விழுந்தது மழை மட்டும்.
யாரும் கேட்காமல் அவளே மூடியைத் தூக்கினாள்.
புழு.
அவர் சொன்னது போலவே.

உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
குனிந்து பார்த்தார்.
யார் வீட்டு முறத்தையோ வாங்கிப்
புடைக்க உட்கார்ந்தார்.
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கியபடி
தலை நிமிராமல் கேட்டார்:
“உப்பும் ஒளித்திருக்கிறாயா, அம்மா?”