தலைப்பெழுத்து

ரூவி கிளினிக்கில் கூப்பிடுகிறார்கள்:
"பிரம்மநாயகம்!"
எழுந்து நிற்க வேண்டியவள் நான்.

பாஸ்போர்ட்டுக்குக் கடைசிப் பெயர் ஒன்று வேண்டுமாம்.
நம்மிடம் ஏது கடைசிப் பெயர்,
முன்னால் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்தானே.
இசக்கிமுத்துவின் இ.
இருபத்தாறு வருஷம் என் நெற்றியில் இருந்தது.
கல்யாணத்துக்கு அடுத்த மாதம்
திருநெல்வேலியில் ஒரு பையன்
என்னைக் கேட்காமலே அதை அழித்துப்
பி. என்று தட்டினான்.
இங்கே வந்து இறங்கியதும்
பி. விரிந்து பிரம்மநாயகம் ஆனது.

கட்டினவர் பெயரை வாயால் சொன்னால்
அவர் ஆயுள் குறையும் என்று
சொல்லி அனுப்பினாள் அம்மா.
எந்தக் கவுண்டரிலும்
அந்தப் பெயரைச் சொல்லித்தான்
நான் நானென்று நிரூபிக்கிறேன்.
பாவம், எத்தனை ஆயுசைக் குறைத்திருப்பேனோ.
மனுஷர் நன்றாகத்தான் இருக்கிறார்,
பர்காவில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில்
ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டு.
அவர் போனில் என் பெயர் 'வீடு'.
வீடு அழைக்கிறது என்று திரை மினுங்கினால்
வாடகை ஞாபகம் வருகிறதாம்.
சொல்லிச் சிரித்தார்.
நானும் சிரித்தேன்,
அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

மடியில் பதினொரு விடைத்தாள்.
பத்தாம் வகுப்பு, இரண்டாம் மொழித் தமிழ்.

பாலைத் திணை நடத்தினேன் போன வாரம்.
தலைவன் பொருள் தேடிக் காடு கடக்கிறான்.
தலைவி இருக்கிறாள்.
அவளுக்கு வாய்த்த வினைச்சொல் அவ்வளவுதான்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு புல் இல்லாத மலை,
நாற்பத்தேழு டிகிரி.
பாலைக்கு உரை தேவைப்படாத வகுப்பு.

"மிஸ், அவ பேரு என்ன?"
ஹஃப்ஸா, மூன்றாவது பெஞ்சு.
"அகத்தில் பெயர் சொல்கிற மரபில்லை."
"புறத்துல சொல்வாங்களா?"
"சொல்வார்கள். அரசர்களுக்கு,
போரில் விழுந்தவர்களுக்கு."
"அப்ப இவ வெளிய வரணும்."
மணி அடித்தது.
தப்பித்தேன் என்று நினைத்தேன்.

இதோ அவள் தாள்.
தலைவியின் கூற்றை உன் சொற்களில் எழுதுக. ஐந்து மதிப்பெண்.

'என் பெயரைக் கடைசியில் சொல்றேன்.
முதலில், நான் லைசென்ஸ் எடுத்துட்டேன், நாலாவது டெஸ்டில்.
அவர் போன ரோட்டில்தான் நானும் வந்தேன்,
ஆனா அவரைத் தேடி வரல.
எனக்கும் பொருள் வேணும்.
பொருள்னா காசு மட்டும் இல்ல,
அர்த்தமும்தான்னு மிஸ் சொல்லியிருக்காங்க.'

நான் சொன்னேனா?
எப்போது?
கடைசி வரி வரவில்லை.
நேரம் முடிந்து தாளைப் பிடுங்கியவளும் நான்தான்.

விடைக்குறிப்பைப் பார்க்கிறேன்.
காத்திருப்புக்கு இரண்டு,
வளை நெகிழ்வதற்கு ஒன்று,
பசலைக்கு ஒன்று,
மொழிநடைக்கு ஒன்று.
அதிலும் றகர ரகரத்துக்கு அரை குறையும்.

"பிரம்மநாயகம்! லாஸ்ட் கால்!"
ரிசப்ஷன் சேச்சிக்குத் தொண்டை கட்டிவிட்டது.
நாற்காலிகளில் எல்லோரும் திரும்பி
ஓர் ஆணைத் தேடுகிறார்கள்.
நானும்தான் ஒரு கணம் தேடினேன்.

ஐந்து போட்டேன்.
ஆசிரியர் கையெழுத்துக்கு விட்ட
அரை அங்குலக் கட்டம்
பி.யும் புள்ளியும் குடியிருக்கப் போதும்.
செண்பகவடிவு அதில் கொள்ளாது.
'செண்' வரைக்கும் உள்ளே இருந்தது,
மீதி கோட்டைத் தாண்டி
மதிப்பெண்ணின் மேல் ஏறிவிட்டது.
மூன்றா ஐந்தா என்று
யாராவது கேட்பார்கள்.
கேட்கட்டும்.

தாள்களைப் பைக்குள் திணித்து
மெதுவாக நடந்து போனேன்.

"நிங்ஙளாணோ பிரம்மநாயகம்?"

"பெயர் அவருடையது, சேச்சி.
டோக்கன் என்னுடையது."