பாக்கி ஏழு

நாகலூர் நைட் ஹால்ட்டில்
நீ கடைசியாகச் சொன்னது,
"அந்த ஷட்டரை எறக்கி விடுய்யா, குளிருது."
நான் எறக்கவில்லை.
கொசுவர்த்திப் புகை எனக்கு ஆகாது,
உனக்கும் அது தெரியும்.
அதற்குமேல் நாம் பேசவில்லை, அல்லிமுத்து.
மூன்று பேர் சீட்டில் நீ,
கடைசி நீள சீட்டில் நான்.

நாலே முக்காலுக்கு நீதான் எழுப்புவாய்,
பதினோரு வருஷமாக,
விசிலை என் காதருகே கொண்டுவந்து
ஊதாமல்
ஊதப்போவதாகப் பயம் காட்டி.
அன்று நானாக விழித்தேன்.
வெளிச்சம் வந்திருந்தது.
ஏதோ தப்பு என்று
முதலில் காலுக்குத்தான் தெரிந்தது.
எழுந்து வர மாட்டேன் என்றது.

ஏற்காடு ஆஸ்பத்திரியில்
கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்த பையன்
என்னை "உட்காருங்க" என்றான்.
கீழே கொண்டுபோக ஆம்புலன்ஸ் இல்லை.
டெப்போவுக்கு போன் போட்டேன்.
"வண்டியை எடுக்காதே."
எடுத்துவிட்டேன்.
மெமோ பிறகு வந்தது, அது கிடக்கட்டும்.

இருபது என்று பலகை.
எஸ்டேட் வாட்ச்மேன் பொன்னாண்டி
உன்னைப் பிடித்துக்கொண்டு
தரையில் உட்கார்ந்திருந்தான்.
கண்ணாடியில் பார்த்தேன்.
உன்னை நான் பார்த்ததெல்லாம் அதில்தானே:
காதில் பேனா, விரலிடுக்கில் நோட்டு மடிப்பு,
கம்பியைப் பிடிக்காமலே வளைவில் நிற்பாய்.
மலை எந்தப் பக்கம் தள்ளும் என்று
உன் இடுப்புக்குத் தெரியும்.
இப்போது பாதம் மட்டும் தெரிந்தது.
பொன்னாண்டி தன் துண்டால்
சீட்டுக் காலோடு கட்டியிருந்தான்,
வளைவில் நீ உருளாமலிருக்க.

பதினாலில் அந்த அம்மா,
பலாப்பழத்துக்கு லக்கேஜ் போடாதே என்று
உன்னோடு மல்லுக்கட்டுமே, அதேதான்,
கை காட்டியது.
நிறுத்தவில்லை.
கண்ணாடியில் அது சிறிதாகிக்கொண்டே
மண்ணை வாரி இறைப்பது தெரிந்தது.
உன்னைத்தான் திட்டியிருக்கும்.
டிரைவரை யார் திட்டுகிறார்கள்?

அடிவாரத்தில்
சாலை நேரானதும் அழுதேன்.
அதுவரை ஸ்டியரிங் விடவில்லை.

காக்காயன் சுடுகாட்டில் கூட்டம்.
உன் மகள் தேன்மொழி என்னிடம் வந்து
"அப்பா ஏதாச்சும் சொன்னாங்களா மாமா?" என்றாள்.
ஷட்டர் என்று எப்படிச் சொல்வது?
"உன்னைப் பத்திதான்மா பேசிட்டிருந்தான்" என்றேன்.
முந்தின நாள் பேசினாய்,
அவளுடைய ஹாஸ்டல் ஃபீஸ் பற்றி.
அதனால் முழுப் பொய்யில்லை.

டெப்போவில் உன் பையைக் கவிழ்த்து எண்ணினார்கள்.
இருபத்தாறு ரூபாய் அதிகம்.
கேஷியர் மறுபடி எண்ணினார்.
அதே இருபத்தாறு.
"இவன் கணக்கு தப்பாதே" என்றார்.

பதினாறாம் நாள் கழித்து,
புதுப் பையன் விசிலுக்கு
நான் இன்னும் பழகாத ஒரு காலையில்,
ஸ்வெட்டர் போட்ட பெரியவர் ஒருவர்
என் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.
"சில்லறை பாக்கிங்க. அந்த கண்டக்டர் லீவுங்களா?"
நாலாக மடித்த டிக்கெட்.
பின்னால் சாய்ந்த எழுத்தில் 7,
ஏழுக்கு நடுவில் நீ போடும் அந்தக் குறுக்குக் கோடு.

லீவு என்றேன்.
என் பையிலிருந்து கொடுத்தேன்.
டிக்கெட்டை அவர் கசக்கி எறியப் போனார்,
கேட்டு வாங்கிக்கொண்டேன்.
பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

இப்போது ஹால்ட்டில்
எல்லா ஷட்டரையும் எறக்கிவிட்டுத்தான் படுக்கிறேன்.
புதுப் பையனுக்கு மூச்சு முட்டுகிறது.
"ஏத்தட்டுங்களாண்ணே?" என்கிறான்.
வேண்டாம் என்கிறேன்.

போய் வா என்று உன்னிடம் சொல்ல
எனக்கு இன்னும் வாய் வரவில்லை.
இருபத்தாறில் ஏழு போக
பத்தொன்பது ரூபாய்
மலையில் யார் யார் சட்டைப் பையிலோ
உன் கையெழுத்தில் கிடக்கிறது.
கை காட்டுகிற எல்லோருக்கும்
நிறுத்துகிறேன்.