எத்தனை மாதம்

புந்தா அரேனாஸில் பெருங்காற்று நாட்களில்
தெருவோரம் கயிறு கட்டிவைப்பார்கள்,
ஆட்கள் பிடித்து நடக்க.
அதைப் பிடித்துத்தான் வந்து சேர்ந்தோம்.

கணினியில் லியென்தூர் ஆண்.
ஆணுக்கு ஏது கருப்பைவாய் என்று
பரிசோதனைச் சீட்டைத் தர மறுக்கிறது அது.
"பழைய பெயரில் போட்டுவிடட்டுமா?"
குமாஸ்தாப் பெண் குரலைத் தாழ்த்துகிறாள்,
சலுகை தருகிறவள்போல.

இந்தக் கேள்விவரை வந்து வந்து
திரும்பிப் போயிருக்கிறான்.
அவன் அம்மாவை நாற்பத்தொன்றில் கொண்டுபோனது
அந்த இடத்துப் புற்றுதான்.

சுற்றிலும் வயிறுகள்.
பக்கத்து நாற்காலிக்காரி என்னைப் பார்த்து
எத்தனை மாதம் என்றாள்.
ஆறு வருடம் என்று வாயில் வந்துவிட்டது.
அவள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

மருத்துவச்சி ஒரியெத்தா வெளியே வந்தாள்.
படிவத்தைத் திருப்பிப் போட்டு
வெற்றுப்பக்கத்தில் பேனாவால் எழுதினாள்:
லியென்தூர் கார்காமோ, முப்பத்துநான்கு.
"ஆய்வுக்கூடத்தில் கத்துவார்கள். கத்தட்டும்."

கதவு சாத்தியபின்
குழாயில் நீர் ஓடும் சத்தம், வெகுநேரம்.
இரும்பைச் சூடாக்குகிறாள்போல.
அவன் கோட்டு என் மடியில்.

முடிவு வர மூன்று வாரமாம்.
வெளியே வந்து
கயிறு எந்தப் பக்கம் என்று
இருவரும் துழாவினோம்.