பற்றுச்சீட்டு

பதினான்காம் பக்கத்துக்குப் படம் வேண்டும் என்றார்கள்
ஹராரே அலுவலகத்திலிருந்து.
சிரித்த முகங்கள், பின்னால் பாலம்,
கம்பெனிக் கொடி மடங்காமல் தெரியவேண்டும்.

நான் மக்கள் தொடர்பு அலுவலர்.
என் வண்டியில் எப்போதும் ஒரு கேமரா,
இரண்டு பெட்டி குளிர்பானம்,
சுருள்சுருளாய்ச் சிவப்பு நாடா,
அதை இரண்டாம் முயற்சியில் மட்டுமே வெட்டும் கத்தரிக்கோல்.

சவாரா ஆற்றுப் பாலம் போன வருடம் விழுந்தது.
வெள்ளத்தால் அல்ல.
அந்த வருடம் மழையே இல்லை.
மாட்டுவண்டிக்கும் மிதிவண்டிக்கும் கட்டிய பாலம் அது.
எங்கள் கருங்கல் பாளம் ஒன்று இருபத்தெட்டு டன்.
நாளுக்குப் பதினோரு லாரி.
ஒரு வியாழக்கிழமை
நடுத்தூண் முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டது.
டிரைவர் குதித்துப் பிழைத்தான்.
பாளம் இன்னும் ஆற்றில்தான் கிடக்கிறது,
பெண்கள் அதன்மேல் துணி அடிக்கிறார்கள்.
இத்தாலியில் யாருடைய பெயரையோ
பொன்னெழுத்தில் சுமந்திருக்க வேண்டிய கல்.

லாரிகளுக்கு மாற்றுப்பாதை ஐந்தே நாளில் வெட்டினோம்.
அதற்கு வேலி, அதற்கொரு காவலாளி.
மருந்தகம் அக்கரையில்.
பாலத்துக்கு ஏழு மாதம்.

அந்த ஏழு மாதத்தைப் பற்றி
எழுதுவதற்குப் படிவத்தில் இடமில்லை.

திறப்பு விழாவுக்கு எல்லாரும் வந்தார்கள்.
சோளக் காடு, பள்ளி, தேவாலயம்
எதிலும் ஆளில்லை.
கையெழுத்துப் போட ஊர்க் கணக்குக்காரி முச்சனெட்டா
தன் பேனாவையே கொண்டுவந்தாள்.
கரையோரம் மீன் விற்பவள்;
எடைக்கல்லை நம்பமாட்டாள், கையில் தூக்கிப் பார்ப்பாள்.
"கம்பெனியிடமிருந்து ஒரு பாலம் பெற்றுக்கொண்டோம்"
என்று நான் அடித்துவந்த வரியை
அப்படித்தான் பார்த்தாள், தூக்கி.
பிறகு ஒரு கோடு கிழித்துத்
தன் மொழியில் ஒற்றைச் சொல் எழுதினாள்:
திரும்பப்பெற்றோம்.

"சிபோங்கிலே, உன் பெயருக்கு என்ன அர்த்தம்?"
"நன்றி சொன்னோம் என்று."
"பார், உன் அம்மாவே உன்னைச்
சீட்டாக எழுதி வைத்திருக்கிறாள்.
எங்களிடம் ஏன் இன்னொன்று கேட்கிறாய்?"

நாடா இரண்டாம் முயற்சியில் அறுந்தது.
கொடி மடங்கவில்லை.

கோட்டையும் சொல்லையும் அப்படியே வருடி அனுப்பினேன்.
மொழிபெயர்ப்பையும் சேர்த்தேன்.
இரண்டு நாள் வயிற்றைக் கலக்கியது.
வேலை போகும், வீட்டு வாடகை போகும்,
தம்பியின் பரீட்சைக் கட்டணம் போகும்.
மூன்றாம் நாள் இயக்குநரே பேசினார்.
குரலில் உருக்கம்.
"எவ்வளவு அழகான சொல்!
திரும்பப்பெற்றோம்!
மண்ணிடம் எடுத்ததை மக்களுக்குத் திருப்பித் தருகிறோம்,
அதுதானே நம் கொள்கை.
அட்டையிலேயே போடுங்கள். பெரிதாக."

நான் விளக்கவில்லை.
போட்டார்கள். பச்சை எழுத்தில், பெரிதாக.
எந்த மாநாட்டிலோ விருதும் கொடுத்தார்கள்.
கருங்கல்லில் செதுக்கிய விருது. நம் கல்லேதான்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு முச்சனெட்டாவிடம் போனேன்.
மீன் செதிலோடு அட்டையைத் தடவினாள்.
சிரித்தாள், இருமல் வரும்வரை.
பிறகு கூடைக்கு அடியிலிருந்து
எண்ணெய்க் கறை படிந்த நோட்டை எடுத்தாள்.
பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம்.

கும்பிராயின் சுவரில் விரிசல், மூன்று.
வெடிச் சத்தத்தில் கருக்கலைந்த ஆடு, ஒன்று.
ஊற்று, வடக்கே. வற்றியது, தேதி.
கல்லறைகள், இடம் மாற்றியவை, ஒன்பது.
அதில் இரண்டுக்குப் பெயர் தெரியாது.
பாலம்: அதற்கெதிரே மட்டும் ஒரு சரி.

கடைசி வரியில் ஒரே சொல்.
மலை.
அதற்கு நேரே வரவுப் பக்கத்தில்
அவள் இடம் விட்டிருந்தாள்,
ஒரு முழுப் பக்கம்.

"இதை எப்படி வாங்குவது என்று
எனக்கே தெரியவில்லை" என்றாள்,
மீனைப் புரட்டிக்கொண்டே.
"உன் அட்டைக்காரரைக் கேட்டுச் சொல்."